மரச்சீனித் தோட்டத்தில் ஆரஞ்சு சட்டை

1

அக்டோபர் பிறந்ததும் எங்கள் ஊர் ஆரஞ்சு நிறமாகிவிடும். எங்கள் ஊர் என்று நான் சொல்வது குலசேகரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் காட்டை அல்ல. கனடாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரே ஒரு சிக்னல் விளக்கை வைத்துக்கொண்டு பெருமைப்படும் இந்தச் சின்ன ஊரை. இரண்டையும் எங்கள் ஊர் என்றே சொல்லிப் பழகிவிட்டது. கேட்கிறவர்கள்தான் குழம்பிப்போகிறார்கள்.

மான் வேட்டைக் காலம் தொடங்கினால் பெட்ரோல் பங்க், பேக்கரி, சர்ச் வாசல் எல்லா இடத்திலும் கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஆட்கள். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது. மனிதனுக்கு வயலின் அந்தக் கோடியிலேயே தெரியும். ஒருவன் இன்னொருவனை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் அந்தச் சட்டை. என் மகளின் பள்ளியிலிருந்துகூடச் சொல்லி அனுப்பினார்கள், வயல் ஓரம் விளையாடப் போனால் பளிச்சென்ற தொப்பி போட வேண்டும் என்று. அவளுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி. எனக்கு அந்த நிறத்தைக் கண்டாலே ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், ஃப்ரிட்ஜைத் திறப்பேன், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவேன்.

இந்த வருடம் அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மைனி கூப்பிட்டார். மைனி என்றால் என் அண்ணன் சுனிலின் மனைவி ஷீபா. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிந்து காக்கை கரையும் நேரம்.

“தம்பி, அது வந்திருக்கு.”

“எது மைனி?”

“தோக்கு.”

எங்கள் பக்கம் துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் பேர்.

“எங்க இருக்கு?”

“பொகப்பெரைல. ஒனக்க அண்ணன் யாருட்டயோ வாங்கி ஷீட்டுக்க எடைல சொருவி வச்சிருக்காரு. நெறச்சுத்தான் இருக்கு. எனக்கு இப்ப அடில தீ போடணும். போடலாமா?”

ரப்பர் ஷீட்டைக் கொடியில் தொங்கவிட்டு அடியில் தீமூட்டிப் புகையில் காயவைக்கும் சின்ன அறைதான் புகைப்புரை. போலீஸானாலும் ஃபாரஸ்ட்காரர்களானாலும் அந்த நாற்றத்துக்குள் தலையை விட்டுத் தேடமாட்டார்கள். அதனால் எங்கள் மேட்டில் கள்ளத் தோக்கு வைத்திருக்கும் யாரும் அங்கேதான் ஒளிப்பார்கள். வெடிமருந்து இடித்து நிறைத்த தோக்கை, தீக்கு மேலே. எங்கள் ஆட்கள் தவிர வேறு யாருக்கும் தோன்றாத யோசனை இது.

“மைனி, தீ போடாண்டாம். யாரையும் உள்ள விடாதீங்க. அண்ணன்ட்ட போனக் குடுங்க.”

“ஒனக்க பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு தம்பி. ஒனக்குத் தெரியாததா.”

தெரியும். அண்ணன் என்னோடு பேசி ஒரு வருடம் ஆகிறது.

2

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினார்கள். அண்ணன் எட்டாவதோடு பால்வெட்டுக் கத்தியை எடுத்தான். நான் நர்சிங் படித்தேன், வளைகுடாவில் கொஞ்ச காலம், பிறகு இங்கே. அண்ணனுக்கு இருப்பது ஒரு சரிவும், சரிவின் கீழே ஒரு மரச்சீனித் தோட்டமும். ரப்பர் மரங்கள் குத்தகைக்கு, மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, சொந்தம். அந்தத் தோட்டத்தைத்தான் காட்டுப்பன்றிகள் குறிவைத்தன.

பன்றி கிழங்கைத் தின்றுவிட்டுப் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு செடியை ஒரு மூடு என்போம்; அது ஒரு மூடு தின்ன, பத்து மூடு உழுது தள்ளும். காலையில் போய்ப் பார்த்தால் யாரோ மண்வெட்டியோடு வந்து வஞ்சம் தீர்த்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அண்ணன் வேலியில் பழைய சேலை கட்டிப் பார்த்தான், டயர் எரித்துப் பார்த்தான். கடைசியில் பக்கத்துச் சரிவில் பால் வெட்டும் ஸ்டான்லியோடு சேர்ந்தான். ஸ்டான்லியிடம் ஒரு தோக்கு இருந்தது. அது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். பன்றியை விரட்டச் சொல்லி ஃபாரஸ்டுக்கு மனு கொடுத்தால் வருகிற பதிலை மனுவே எழுதத் தெரியாத ஆட்களும் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள் என்பதும் தெரியும்.

நான் போனில் சண்டை போட்டேன். கேட்கவில்லை. கேட்காத ஆளுக்கு என்ன செய்ய? இங்கே கடையில் ஒரு ஆரஞ்சு மேல்சட்டை வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். “உள்ளே என்ன?” என்று தபால் அலுவலகப் பெண் கேட்டாள். “அண்ணனின் உயிர்” என்று வாய்வரை வந்தது. துணி என்று சொன்னேன்.

பார்சல் கிடைத்த அன்று அண்ணன் வீடியோவில் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

“ஏலே, இதென்ன ரோடு வேலக்காரனுக்க சட்ட! இதப் போட்டுட்டுப் போனா பன்னி சிரிச்சே சாவும். மருந்து மிச்சம்.”

“போட்டுட்டுப் போ அண்ணே. ஸ்டான்லிக்கு நீ எங்க நிக்கன்னு தெரியணும்.”

“அவனுக்குத் தெரியும்லே. சின்னப் பிள்ளேல இருந்து ஒண்ணா நடக்கோம்.”

ஒரு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். தோட்டத்தின் நடுவில் குச்சியில் கட்டிய வைக்கோல் பொம்மை, அதற்கு என் ஆரஞ்சு சட்டை, தலையில் பழைய ஹெல்மெட். கீழே குரல் பதிவு: “ஒனக்க சட்ட பன்னி வெரட்டுகு, கேட்டியா. கொள்ளாம், நல்ல சட்ட.”

நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. நல்ல பொம்மைதான்.

3

அதன்பிறகு நடந்ததை ஸ்டான்லி போலீஸில் சொன்னதும், அண்ணன் மைனியிடம் சொன்னதும் ஒன்றுதான். விடியும் நேரம். இருவரும் தோட்டத்தின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி முழுக்கக் காவல் இருந்தும் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போன அண்ணன், சொல்லாமல் எழுந்து பொம்மைக்குப் பக்கத்தில் வந்து மூத்திரம் பெய்யக் குந்தினான். ஸ்டான்லி தலையில் கட்டியிருந்த லைட்டைப் போட்டான். ஆரஞ்சு பளிச்சென்று தெரிந்தது. அது பொம்மை, அவனுக்கு நன்றாகத் தெரியும். பொம்மைக்குக் கீழே கறுப்பாக ஒன்று அசைந்தது. ஆரஞ்சு பொம்மை என்றால், அசைவது பன்றி. அவன் கணக்கு அவ்வளவுதான்.

எனக்கு அழைப்பு வந்தபோது நான் டியூட்டி முடிந்து காரில் உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் எங்கள் வீட்டு முற்றம். அண்ணன் பாயில் கிடந்தான். இடது தொடையில் கைலியைச் சுற்றியிருந்தார்கள், உள்ளே கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடியின் இலையைக் கசக்கி வைத்து அடைத்திருந்தார்கள். பால்வெட்டுக் கத்தி கீறினாலும் அதே இலை, அரிவாள் பட்டாலும் அதே இலை. வெடி பட்டதற்கும் அதே இலை. ஸ்டான்லி ஒரு ஊக்கைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான்.

“அதென்ன கைல?”

“ஈயக்குண்டு தோலுக்கடில தட்டுப்படுகு. எடுத்திரலாம்னு…”

“தொடாத! ஊக்கக் கீழ போடு! ஸ்டான்லி, எலையப் பிடுங்காத, அதுக்க மேலயே நல்ல துணிய மடிச்சு வை. ரெண்டு கையும் வச்சு அமுத்து. ஒனக்க ஒடம்பு பாரம் முழுக்க வரணும். எடுத்து எடுத்துப் பாக்காத. ரெத்தம் துணில ஊறுனா மேல இன்னொண்ணு வை.”

அவன் அழுதுகொண்டே அழுத்தினான். அம்மா பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். வேண்டாம், வாயில் ஒன்றும் கொடுக்காதே, ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றேன். பிறகு நான் கேட்டதுதான் எனக்கு இன்றும் நினைவில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

“மைனி, ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க. ஒரே மாரி இருக்கா?”

மைனி தொட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

“வெடிபட்ட காலு தணுத்துக் கெடக்கு தம்பி. மத்தது சூடாத்தான் இருக்கு.”

ரத்தக்குழாயில் பட்டிருக்கிறது. இனி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காலைத் தின்னும். ஜீப்பில் படுக்கவைத்து நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். ஜீப்பு வந்தது. ஏற்றும்போதுதான் பேச்சு ஆரம்பித்தது.

“பன்னி குத்திச்சுன்னு சொல்லுவோம்,” என்றான் அண்ணன். வெளிறிய உதடு, ஆனால் குரல் உறுதி.

“அண்ணே, பன்னி குத்துன காயத்த ஒரு மாரி பாப்பாவ. வெடிபட்ட காயத்த வேற மாரி பாப்பாவ. மொத வார்த்த பொய்யா சொன்னா நேரம் போயிரும்ணே.”

“ஸ்டான்லிக்கு ரெண்டு பிள்ளையளுலே.”

“ஒனக்க காலு போயிரும்.”

“போட்டும்.”

ஜீப்பு ஓடத் தொடங்கியது. பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடும் சானல் கரை ஜன்னலில் போனது. நான் மைனியிடம் மட்டும் சொன்னேன்: டாக்டரிடம் முதல் வார்த்தையாக வெடி என்று சொல்லுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம். மைனி அப்படியே சொன்னார்.

கால் தப்பியது. தேய்த்துத் தேய்த்து நடக்கும் கால், ஆனால் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுத வேண்டியதை எழுதினார்கள், போலீஸ் வந்தது, ஸ்டான்லி உள்ளே போனான், தோக்கும் போனது. பிறகு ஜாமீனில் வந்தான். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். அம்மா ஒருமுறை சொன்னார்:

“நீ சொன்னது செரிதான் மக்கா. ஆனா ஸ்டான்லிக்க பொண்டாட்டி கடேல என்னைக் கண்டா மொகத்தத் திருப்புகா. அது ஒனக்குப் பாக்காண்டாம் இல்லியா.”

இல்லைதான். எனக்குப் பார்க்க வேண்டியதில்லை.

4

அந்தக் குளிர்காலம் முழுக்க என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடித்துப் போட்ட மாதிரி பனி. வீட்டுக்குள்ளேயே நடந்தால் ரெஜிக்குக் கோபம். (ரெஜி என் மனைவி, திருவட்டாறுக்காரி, அவளும் நர்ஸ்.) எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் டோனா என்ற பெண் பெரிய வேட்டைக்காரி. “நீ ஏன் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்கு வரக்கூடாது?” என்றாள். எனக்குத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் அந்தக் குழாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உறுத்தியது. போனேன்.

முதல் நாள் ஆசிரியர் மேஜையில் ஒரு துப்பாக்கியை வைத்து என்னைக் கேட்டார்: “இதைக் கண்டதும் முதலில் என்ன செய்வீர்கள்?”

“ஒளித்து வைப்பேன்,” என்றேன்.

வகுப்பே சிரித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் மேட்டில் வேறென்ன செய்வார்கள்?

அங்கே அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன், வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்ட வேண்டும். வாங்குகிறவர் தன் கண்ணால் பார்த்து, “பார்த்தேன்” என்று வாயால் சொன்ன பிறகுதான் கை மாறும். கணவன் மனைவிக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். வேலி தாண்டும்போதும் அப்படித்தான். நம்பிக்கை இல்லையா என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டோனாவோடு ஒருநாள் வயலுக்குப் போனபோது ஒவ்வொரு வேலியிலும் அவள் காட்டினாள், நான் சொன்னேன். மானைக் கண்ணிலேயே காணவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்ததுதான் மிச்சம். சின்ன வயதிலிருந்து ஒன்றாக நடக்கிறோம் என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

லைசென்ஸுக்கும் விண்ணப்பித்துப் பார்த்தேன். அதில் ரெஜியும் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது.

“ஒங்களுக்குக் கோவம் வருமான்னு கேக்கான்,” என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். “மீன் கொழம்புல புளி கொறஞ்சா வரும்னு சொல்லட்டா?”

சொல்லவில்லை, நல்லவேளை. ஊரில் தோக்கு வருவது உரச்சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில். அதற்கு யாரும் மைனிக்குப் போன் செய்து கேட்கவில்லை.

வகுப்பில் பழைய மாடல் துப்பாக்கிகளைப் பற்றியும் சொன்னார்கள். வாய் வழியாக மருந்தை இடித்து நிறைக்கும் வகை. எங்கள் தோக்கும் அதுதான். ஒருமுறை நிறைத்துவிட்டால் சும்மா காலியாக்க முடியாது, சுட்டால்தான் காலியாகும். சுட்டால் சத்தம் கேட்டு ஆள் வரும். அதனால்தான் பன்றி கிடைக்காத நாளில் நிறைத்தபடியே கொண்டுவந்து புகைப்புரையில் சொருகுகிறார்கள். வழி ஒன்று இருக்கிறது, என்றார் ஆசிரியர்: மருந்தை நனைத்துவிட வேண்டும். நனைந்த மருந்து வெடிக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: குழாயில் மண்ணோ பனியோ எது அடைத்திருந்தாலும் சுடக் கூடாது. அடைத்த குழாய் சுடுகிறவனின் முகத்தில் வெடித்துக் கிழியும்.

5

அதனால்தான் அன்று மைனி கூப்பிட்டபோது எனக்குச் சொல்ல ஏதோ இருந்தது. ஆனால் சொல்லத் தயங்கினேன். மைனி அதுவரை தோக்கைத் தொட்டதில்லை. கனடாவில் சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு பெண்ணைப் போய் நிறைத்த தோக்கில் கை வை என்று நான் எப்படிச் சொல்வேன்?

“மைனி, நீங்க அதத் தொடாண்டாம். குழாய்ல தண்ணி போனா மருந்து செத்துரும்னு மட்டும் அண்ணன்ட்ட சொல்லுங்க. அவன் செய்யட்டும். அதுவர தீ போடாண்டாம்.”

“பொக இல்லாட்டா ஷீட்டு பூசணம் பூத்துரும் தம்பி.”

“பூக்கட்டும் மைனி.”

“அவரு பன்னிக்குப் போவாம இருக்க மாட்டாரு. முந்தாநேத்தும் பன்னி எறங்கிட்டு. இந்தக் கால வச்சுட்டு அவருக்கு முழுச் சரிவும் வெட்ட முடியல. மரச்சீனியும் போனா என்ன இருக்குன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?”

அண்ணனுக்கு நான் அழைத்தேன். அடித்து நின்றது. திரும்ப அழைத்தேன். குரல் பதிவு அனுப்பினேன். நீல அடையாளம் வரவில்லை. மறுநாள் வேலையில் ஒரு நோயாளியின் பெயரை இரண்டு முறை தவறாகச் சொல்லி டோனாவிடம் திட்டு வாங்கினேன். மத்தியானம் சாப்பிடாமல் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு கிழவர் ஆரஞ்சுத் தொப்பியோடு காரிலிருந்து இறங்கி, “எதையாவது தொலைத்துவிட்டாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

6

சாயங்காலம் மைனி வீடியோவில் அழைத்தார். குரலில் ஒரு துள்ளல்.

“முடிச்சிட்டேன் தம்பி.”

“என்னத்த?”

“நேத்து நீ தண்ணின்னு சொன்ன இல்லியா. தண்ணி வடிஞ்சா காஞ்சு போவும், திரும்ப நெறச்சிருவாரு. நான் ரப்பர் பாலை ஊத்திட்டேன். வாய செவுத்துப் பக்கமா சாச்சு வச்சு, சிரட்டைல பாலக் கொண்டு ஊத்தி, ஆசிடும் விட்டேன். ராத்திரியோட ஒறஞ்சு கட்டையாட்டு. இனி அது தோக்கில்ல, ஒலக்க.”

ஷீட்டு அடிக்கப் பாலை உறையவைப்பது மைனிக்குத் தினசரி வேலை. எனக்கு முதலில் கைதட்டத் தோன்றியது. அடுத்த நொடி ஆசிரியரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. மருந்துக்கு மேல் துணி திணித்திருப்பார்கள். பால் அதைத் தாண்டி இறங்கி மருந்தை நனைத்ததா, மேலேயே உறைந்து நின்றுவிட்டதா, யாருக்குத் தெரியும்? நின்றுவிட்டால் அது மருந்து உயிரோடு இருக்கிற, வாய் அடைத்த குழாய்.

“அண்ணன்ட்ட சொன்னீங்களா?”

“சொல்லல. சொன்னா கம்பிய விட்டுக் குத்தி எடுப்பாரு. சுட்டுப் பாக்கட்டும், வெடிக்காது, நாணம் கெட்டு வருவாருன்னு நெனச்சேன்.”

“மைனி, அது வெடிச்சாலும் வெடிக்கும். முன்னால போவாது, அவனுக்க மொகத்துக்கு வரும். எங்க அவன்?”

“இப்பத்தான் எடுத்துட்டு எறங்கிப் போனாரு.”

போனைக் கையில் பிடித்தபடியே ஓடக் கிளம்பிவிட்டார். என் திரையில் வாசல்படி, கோழிக்கூடு, செருப்புக் கால்.

“நில்லுங்க! மைனி, நில்லுங்க! அப்படியே தோட்டத்துக்குள்ள ஓடுனா அவனுக்கு நீங்களும் பன்னிதான். அந்த ஆரஞ்சு சட்ட எங்க?”

“அது பொகப்பெரை வாசல்ல கால் தொடைக்கக் கெடக்கு.”

“அத எடுத்துப் போடுங்க.”

“கரியும் சகதியுமா கேவலமா இருக்கு தம்பி.”

“கேவலமா இருக்கட்டும் மைனி, பன்னி மாரி இல்லாட்டா போதும். தலைல லைட்டக் கட்டுங்க. சத்தம் போட்டுட்டே போங்க.”

“என்னன்னு?”

“வாய்ல வாறத.”

மைனியின் வாயில் வந்ததை அந்தச் சரிவு முழுக்கக் கேட்டிருக்கும்.

“ஏய் மனுசா! நான்தான் வாறேன்! சுட்டுராத! என்னச் சுட்டா ஒனக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல கேட்டியா! ஏய்! கைய எடு அதுல இருந்து!”

என் மகள் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். ரப்பர் மரங்கள் தலைகீழாகவும் நேராகவும் ஆடின.

“அப்பா, பெரியம்மா என்ன கேம் ஆடுறாங்க?”

கேம் இல்லை என்றேன். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தன் கார்ட்டூனுக்குப் போனாள். அவள் பெரியப்பாவைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. அவனைப் படத்தில் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிறகு அண்ணனின் குரல். தொலைவிலிருந்து.

“ஏட்டி, என்னத்துக்கு இந்தப் பெகளம்? வந்த பன்னி அம்புட்டும் ஓடிட்டு!”

“ஓடட்டும்! அதக் கீழ வையி!”

“ஒனக்கென்ன பேய் பிடிச்சா? அதென்ன கோலம்?”

“நீ மொதல்ல போனப் பிடி!”

திரையில் அண்ணனின் முகம் வந்தது. ஒரு வருடத்தில் தாடியில் நரை. பின்னால் வானம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கண் சுருங்கியது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

“அண்ணே, எங்கிட்ட கோவமாவே இரு. அத மட்டும் கைல இருந்து வை. வாய் மலைப்பக்கம் பாத்து இருக்கட்டும். மேல அடிக்கிற சாவியத் தொடாத. குழாய்க்குள்ள பால் ஒறஞ்சு கெடக்கு. சுட்டா ஒனக்க மொகத்துலதான் கிழியும்.”

அண்ணன் தோக்கைப் பார்த்தான். மைனியைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து, கெட்ட காலை நீட்டி, மரச்சீனி மேட்டில் அதைக் கிடத்தினான். பக்கவாட்டில் நின்று வாயின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தொட்டான். வெள்ளையாக ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருந்தது.

“யாருட்டி செஞ்சது?”

“நான்தான்.”

“எவ்வளவு ஊத்துன?”

“ஒரு சிரட்டை.”

“நல்ல பாலா, மழத்தண்ணி விழுந்த பாலா?”

“நல்ல பாலு.”

“நாசமாப் போச்சு,” என்றான் அண்ணன். “நல்ல பாலப் போயி…”

அவன் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா, வேறென்னவோ என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. மைனி பக்கத்தில் நின்று சட்டையின் கரியைத் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டித் தீராத கரி அது.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“இனி என்ன செய்யணும்லே?”

கடைசியாக ஜீப்பில் படுத்துக்கொண்டு ‘போட்டும்’ என்று சொன்னவன் கேட்கும் கேள்வி. எனக்கு வகுப்பு மேஜை நினைவுக்கு வந்தது.

“மொதல்ல கேப்ப எடு அண்ணே. பக்கத்துல நின்னு, முன்னால போவாத. சாவிய விரலால பிடிச்சுக்க, பைய.”

தீ பிடிக்கவைக்கும் சின்னச் செம்பு மூடிதான் கேப்பு, அதன்மேல் அடிக்கும் சுத்திதான் சாவி. அது போனால் மருந்துக்குத் தீ கிடையாது. அண்ணன் நகத்தால் நெம்பினான். வந்தது. உள்ளங்கையில் வைத்து போனுக்கு நேரே காட்டினான், அரிசி வாங்கும்போது மணியைக் காட்டுகிற மாதிரி.

“பாத்தியா?”

“பாத்தேன்ணே.”

“அப்ப செரி.”

தோக்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே முக்கிவிடச் சொன்னேன். முக்கிவிட்டு அதைத் தந்தவனிடம் திருப்பிக் கொடுப்பானா, ஸ்டேஷனில் ஒப்படைப்பானா என்று கேட்டேன். “ஸ்டான்லிக்க வக்கீலுட்ட கேக்கேன்,” என்றான். ஸ்டான்லியோடு பேசுகிறானா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். அவனாகவே சொன்னான்: “அவன்தான் பால் சொமக்கான், எனக்க சரிவுல. அவன் ஒருவாட்டியும் கேக்கல, நானாட்டு சொல்லவும் இல்ல. வந்து சொமக்கான்.”

பன்றிக்கு வழி நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. சூரிய மின்வேலியைப் பற்றி டோனா சொன்னதைச் சொன்னேன். “பாப்போம்” என்றான்.

பிறகு அவன் போனை மைனியிடம் கொடுத்தான், மைனி அதை அணைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் திரை முழுக்க ஆரஞ்சு. ஓரத்தில் கரி. உள்ளிருந்து கேட்டது: இரண்டு பேர் ஏறி வருகிற சத்தம். ஒரு ஜோடிச் செருப்பு வேகமாக, இன்னொன்று ஒரு கால் ஊன்றி, ஒரு கால் தேய்த்து. நடுவே அண்ணன்.

“மூணு மூடு போச்சுட்டி.”

“மிச்சம் இருக்கு இல்லியா, நட.”

“முன்னால போ. நீ முன்னால போ. அந்தச் சட்டையப் பாத்தே நடந்துக்குவேன்.”

நான் சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வீடு சேரும்வரை நான் உட்காரவில்லை.